பதினாலு மணி நேரத் தூரம்

அய்யாக்குட்டி அண்ணாச்சிக்கு உலகம் ஏர்போர்ட் ஏர்போர்ட்டாகத்தான் தெரியும். மகன் அமெரிக்காவில் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் அவருக்கு எரிச்சல் வந்துவிடும். "அமெரிக்கான்னா எங்கனவே? அது என்ன நம்ம இலஞ்சியா, தெருவுல நின்னு கேக்கதுக்கு? ஏர்போர்ட் பேரச் சொல்லும்" என்பார். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் நின்று இப்படிக் கேட்கிற மனுஷர் தென்காசி வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

கேட்காமல் முடியாது. அவர் பார்க்கிற தொழில் அப்படி. மேலகரத்தில் ப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறார். இறந்தவரைக் கிடத்தி வைக்கிற, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்து முகம் பார்க்கும்வரை அந்தப் பெட்டிதான் காவல். பிள்ளை எப்போது வருவான் என்று தெரிந்தால்தான் பெட்டி எப்போது திரும்பும் என்று தெரியும், அடுத்த வீட்டுக்கு வார்த்தை கொடுக்க முடியும்.

நான் மாரிராஜ். கார் ஓட்டுகிறேன். அண்ணாச்சி பெட்டியை இறக்கிய வீட்டுக்கு வருகிற பிள்ளையைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் போய் ஏற்றிக்கொண்டு வருவது பெரும்பாலும் நான்தான். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. நடுவில் மலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டிலேயே சொல்வார்கள், அதனால் அவரைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கேலியும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

துக்க வீட்டுக்குள் அவர் நுழைவதைப் பார்க்க வேண்டும். கரண்ட் ஆபீஸ் ஆள் மீட்டர் பார்க்க வந்ததுபோல வருவார். முதல் கேள்வி, "பிளக் பாயிண்ட் எங்கன இருக்கு?" இரண்டாவது கேள்வி, "யாரு வரணும்? எந்த ஏர்போர்ட்?" ஒப்பாரி வைக்கிற பெண்கள் நடுவில் வயரை இழுத்துக்கொண்டு போவார். ஒருதடவைகூட அவர் கண் கலங்கியோ குரல் தழுதழுத்தோ நான் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் எனக்கு இது பிடிக்காது. இந்த ஆளுக்குள் ரத்தம் ஓடுகிறதா, இல்லை அந்தப் பெட்டிக்குள் சுற்றுகிற கேஸ்தான் இவருக்குள்ளும் சுற்றுகிறதா என்று நினைப்பேன். பிறகு எனக்கும் பழகிவிட்டது. எத்தனை பேருக்காகத்தான் அழ முடியும்?

போனில் அவர் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார். இந்த ஏர்போர்ட், அந்த ஏர்போர்ட் என்று இரண்டு பெயரைத் தட்டினால் வளைந்த கோடு ஒன்று கடல்மேல் விழும். அடியில் இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று வரும். அதை அப்படியே நம்புகிற ஆள் இல்லை அவர். "இது காக்கா பறக்க நேரம்லே. மனுசன் வார நேரம் வேற" என்பார். நடுவில் எங்கே இறங்கி ஏற வேண்டும், எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், மழைக்காலத்தில் ஆரியங்காவு மலைப்பாதை எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் கூட்டித்தான் ஒரு நேரம் சொல்வார். தப்பும் பண்ணியிருக்கிறார். சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு வீட்டில் மகன் வியாழக்கிழமை வருவான் என்று அடித்துச் சொன்னார், அதை நம்பிச் சமையலுக்கும் மேளத்துக்கும் ஆள் சொல்லிவிட்டார்கள். அவன் வெள்ளிக்கிழமைதான் வந்தான். அங்கே கிளம்புகிற தேதியும் இங்கே வந்து சேருகிற தேதியும் வேறு என்பதை அண்ணாச்சி கணக்கில் விட்டுவிட்டார். அந்த வீட்டுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவர் வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் சாவை யாரும் போனில் சொல்ல மாட்டார்கள். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, கெளம்பி வா" என்பார்கள். தனியாக வருகிற பிள்ளை வழியில் உடைந்துவிடக்கூடாது என்று ஒரு நல்லெண்ணம்தான். பல வருஷத்துக்கு முன்னால் இலஞ்சியில் ஒருவர் மாடிப்படியில் விழுந்து இறந்துவிட்டார். தோஹாவில் இருந்த மகனுக்கு, "அப்பா விழுந்துட்டாரு, நடக்க முடியல" என்று சொன்னார்கள். நான் ஏர்போர்ட்டில் போய் நிற்கிறேன். அவன் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறான். புத்தம்புதுசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதை நானும் அவனும் சேர்ந்து கார் மேலே கட்டினோம். குளத்துப்புழா, தென்மலை என்று வழி நெடுக அவன் பேசிக்கொண்டே வந்தான். வாசற்படியை இடித்துச் சரிவாகக் கட்ட வேண்டுமாம். கக்கூஸில் பிடிக்கக் கம்பி வைக்க வேண்டுமாம். அதற்குக் கொத்தனார் யாராவது தெரியுமா என்று என்னிடம் கேட்டான். நானும் ஒருவர் பெயரைச் சொன்னேன். வேறு என்ன செய்வது? தெருமுனையில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டதும் அவன் பேச்சு நின்றது.

அந்த நாற்காலியைக் காரிலிருந்து இறக்கியவர் அண்ணாச்சி. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில் பெட்டி கொண்டுவந்த தன் டெம்போவிலேயே ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் பொய் சொல்ல அவர் விட்டதில்லை. "நீங்க சொல்ல மாட்டீகளா? நம்பரத் தாங்க, நான் சொல்லுதேன்" என்பார். போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விடுவார். எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரிதான் பேசுவார்.

"தம்பி, நான் பெட்டிக்காரன் பேசுதேன்."

அவ்வளவுதான். மேற்கொண்டு சொல்ல வேண்டியதே இருக்காது. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைக்குப் பெட்டிக்காரன் என்றால் என்ன என்று தெரியும். சிலர் கத்துவார்கள். சிலர் போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுவார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எது வரைக்கும் வச்சிருப்பீங்க?" அவர் நாளும் பொழுதும் சொல்வார். பிறகு எந்த ஏர்போர்ட்டில் ஏற வேண்டும், எங்கே மாற வேண்டும் என்று சொல்ல ஆரம்பிப்பார். காரியம் நடந்துவிடும்.

அவருக்கு ஒரே மகள், மஞ்சு. சின்னப்பிள்ளையிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள், பக்கத்து அறையிலிருந்து "நான் பெட்டிக்காரன் பேசுதேன்" என்று கேட்கும். நர்ஸ் படிப்பு முடித்து, கல்யாணமாகி, இப்போது நியூஸிலாந்தில் ஆக்லாந்து. போகும்போது அப்பாவின் போனில் அவள்தான் அந்தப் பக்கத்தைத் திறந்து, திருவனந்தபுரம், ஆக்லாந்து என்று தட்டிக் காட்டினாள். பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பதினாலு மணி நேரம். அப்படி நேராகப் போகிற விமானமே கிடையாது என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் மதினிக்குத் தெரியாது. மதினி அந்தப் பதினாலைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினாலு மணி நேரந்தான? காலையில காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புனா ராத்திரிச் சோத்துக்கு வந்திருவா" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்வாள். அண்ணாச்சி திருத்தியதே இல்லை. உலகத்துக்கெல்லாம் உண்மை சொல்கிற மனுஷர் இதை மட்டும் விட்டுவைத்திருந்தார். நானும் கேலி பண்ணிப் பார்த்தேன். "பேசாம இருலே" என்றுவிட்டார்.

பெட்டியைக் கழுவுவது மதினியின் வேலை. இரண்டு பெட்டி உண்டு, பழசு ஒன்று, புதுசு ஒன்று. எந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தாலும் பின்வாசலில் வைத்து மஞ்சள் தண்ணீரும் டெட்டாலும் விட்டுக் கழுவுவாள். பெட்டி ஒரு வீட்டுக்குப் போனதும் கண்ணாடிக்கு அவள் ஏதோ பக்குவம் செய்துவிட்டு வருவாள். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும். குளிர்பெட்டியின் கண்ணாடியில் வெளிப்பக்கம் பனி கோத்துக்கொள்ளும், உள்ளே முகம் தெரியாது. மதினி கை பட்ட கண்ணாடியில் அது பிடிக்காது. என்ன செய்வாள் என்று நாங்கள் இருவரும் கேட்டதில்லை. அது எங்களுக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

போன ஆடி மாதம் கடைசிச் சனிக்கிழமை காலை, புதுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் காரில்தான் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. திரும்பி வந்தபோது பின்வாசலில் பெட்டி ஈரம் காயாமல் இருந்தது. பழைய பெட்டி புளியங்குடியில் ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி துண்டை எடுத்துப் பெட்டியின் ஈரத்தைத் துடைத்தார். நடுவீட்டுக்கு இழுத்து வந்தோம். பிளக்கைச் சொருகினார். ஸ்டெபிலைசரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். "தலைப்பக்கம் நீ பிடிலே" என்றார். பிடித்தேன். எத்தனையோ வீட்டில் இப்படித் தூக்கி வைத்திருக்கிறோம், அதே மாதிரித்தான் மதினியையும் வைத்தோம். அவர் மூடியைப் போட்டு, மோட்டார் சத்தம் சீராக இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

மஞ்சுவுக்குத்தான் பேசப் போகிறார் என்று தெரிந்தது. நானும் பின்னாலேயே போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழுந்துவிட்டால் பிடிக்க ஆள் வேண்டுமே என்று ஒரு நினைப்பு. அவர் விழவில்லை. கிணற்றடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகப் பேசினார்.

"மஞ்சு... ஆமா மக்ளே... அம்மைக்குக் கொஞ்சம் முடியல. ஆஸ்பத்திரியில காட்டியிருக்கு... இல்லல்லா, பயப்படுத மாதிரி ஒண்ணுமில்ல... செவ்வாக்கெழமயா? சரி... சரி. ஒண்ணும் அவசரமில்ல மக்ளே."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

அந்த நேரத்தில் நயினார் வந்தார். எங்கள் தெரு இசக்கியம்மன் கோயில் கொடைக் கமிட்டிக்குத் தலைவர். வருகிற செவ்வாய்க்கிழமை கொடை, அம்மனுக்கு வருஷத் திருவிழா. கால் நாட்டியாகிவிட்டது, பந்தல் போட்டாகிவிட்டது, வில்லுப்பாட்டுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. தெருவில் உடல் கிடக்கும்போது கோயில் நடை திறக்கக்கூடாது. கொடையை நிறுத்தவும் முடியாது. நயினார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணாச்சி, கேக்கக்கூடாது. கேக்காமலும் முடியல. பிள்ளைக்குத் தகவல் சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன்."

"எப்ப வருதா?"

"வந்திருவா. நான் சொல்லிட்டேன்லா."

"திங்கக்கெழம பொழுதடையுததுக்குள்ள எடுத்துட்டா, நாங்க தெருவக் கழுவித் தீட்டுக் கழிச்சுக்கிடுவோம். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாவ. நான் பொறுப்பு."

"சரி, நயினாரு. திங்கக்கெழம சாயந்தரம்."

அவர் சொல்லிவிட்டார் என்றால் சொல்லிவிட்டார். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த ஊரில் சாவை நேராகச் சொல்கிற ஒரே ஆள் அவர். அங்கே மஞ்சுவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். மற்ற வீட்டில் "கொஞ்சம் முடியல" என்றால் பிள்ளைகள் பாதியாவது சந்தேகப்படும். எங்கப்பா பொய் சொல்ல மாட்டார், முடியல என்றால் முடியலதான் என்று நம்பி, செவ்வாய்க்கிழமை வருகிற மாதிரி டிக்கெட் போட்டிருப்பாள். செவ்வாய்க்கிழமை அவள் வரும்போது வீடு கழுவி விட்டிருக்கும். தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் அவரைக் கையைப் பிடித்து மறுபடி பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, மஞ்சுட்ட என்ன சொன்னீங்க?"

"சொல்லிட்டேம்லே."

"என்ன சொன்னீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். என்ன சொன்னோம் என்பதே அந்த மனுஷருக்கு நினைவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. "அம்மைக்குக் கொஞ்சம் முடியலன்னு சொன்னீங்க. அவசரமில்லன்னு சொன்னீங்க. அவ செவ்வாக்கெழமதான் வருவா" என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தார். மதினி கழுவிய மஞ்சள் தண்ணீர் இன்னும் அதைச் சுற்றித் தேங்கிக் கிடந்தது.

"நீ பேசுலே" என்றார்.

"நான் பேச மாட்டேன். எனக்கு அழுக வந்திரும். அங்க இப்ப பொழுது சாஞ்சிருக்கும். இன்னைக்கு ராத்திரி பிளேனப் பிடிச்சா திங்கக்கெழமைக்குள்ள வந்து சேர முடியுமா? நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாததா?"

அவர் விரல்கள் தாமாகப் போனைத் திறந்தன. வளைந்த கோடு வந்தது. சிங்கப்பூர். அங்கே ஒரு பகல் முழுக்கக் காத்திருப்பு. அங்கிருந்து சென்னை. சென்னையிலிருந்து காலை விமானம். "கஷ்டப்பட்டு வரலாம்லே. இப்பவே வீட்ட விட்டு எறங்கணும்" என்றார். வேறு யாரோ வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு வாய் வரமாட்டேங்குலே. அவ குரலக் கேட்டா வேற என்னமோ வருது."

அவர் மஞ்சுவின் நம்பரைத் தட்டினார். மணி போகிற சத்தம் எனக்குக் கேட்டது. எடுத்ததும் "என்னப்பா?" என்றாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். "அப்பா? என்னப்பா?" என்று மறுபடி கேட்டாள். அவர் எழுந்து நின்று, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். துக்க வீடுகளில் பேசுவதற்கு முன்னால் அவர் எப்போதும் செய்வது அது.

"அம்மா, நான் பெட்டிக்காரன் பேசுதேன்" என்றார்.

போனில் சத்தமே இல்லை. மனிதர்கள் கத்துவதைக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. பிறகு மஞ்சு, எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்.

"எது வரைக்கும் வச்சிருப்பீங்க?"

"திங்கக்கெழம பொழுதடையுத வரைக்கும்."

"சரி" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். இவர் கேட்டுக்கொண்டிருந்தார். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும், சிங்கப்பூரில் எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். அதில் ஒரு பிசகு இல்லை.

அன்றும் மறுநாளும் சொந்தம், பந்தம், ஊர், உலகம் எல்லாம் வந்து போயிற்று. அண்ணாச்சி பிளக் பாயிண்ட் பக்கத்தில் ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுவார், வந்தால் நிறுத்துவார். வந்தவர்களில் பாதிப்பேருக்கு மதினியின் முகம் தெரியவில்லை. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்ததால் கண்ணாடி வெள்ளையாகப் பனி கோத்துக் கிடந்தது. துண்டால் துடைத்தால் தெளியும், மாலையைப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் மறுபடி மூடிக்கொள்ளும். "என்ன அண்ணாச்சி, ஒங்க பெட்டியிலயே இப்பிடியா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். "அவ என்னமோ போடுவா. எனக்குத் தெரியாது" என்றார் அண்ணாச்சி. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர் அப்படிச் சொன்னதைக் கேட்க எனக்கு நெஞ்சு வலித்தது. அவருக்கு வலித்ததா என்று முகத்தில் தெரியவில்லை.

திங்கட்கிழமை பகல் திருவனந்தபுரத்தில் மஞ்சு வெளியே வந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒன்றும் இல்லை. "வாங்க சித்தப்பா, போவோம்" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் வழியில் பேசவே இல்லை. பேசாமல் கார் ஓட்டியது என் ஆயுசில் அன்றைக்குத்தான். தென்மலை தாண்டியதும் மழை வலுத்தது. ஆரியங்காவு கடந்து இறக்கத்தில் வந்தால், புளியரை வளைவில் கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப்போன லாரி ஒன்று குறுக்கே சாய்ந்து கிடந்தது. மேலேயும் கீழேயும் வண்டிகள் வரிசையாக நின்றன. கிரேன் வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

மஞ்சு என்னைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். "பதினாலு மணி நேரம்னு எங்கம்ம சொல்லிக்கிட்டுத் திரிவா. இங்கன வந்து நிக்கேன் பாருங்க" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த லாரிக்காரன்மேல், மழைமேல், எங்கள் கொடைமேல், எல்லாவற்றின்மேலும் வந்தது. நயினாருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நீங்க வச்ச கெடுவுக்குப் பிள்ள மலையில நிக்கி. என்ன செய்யப் போறீங்க?"

"கத்தாத மாரி. பிள்ளைய லாரியத் தாண்டி நடத்திக் கூட்டிட்டு வா. நான் கீழ வாரேன்" என்றார் அவர்.

காரை ஓரங்கட்டிப் பூட்டினேன். நானும் மஞ்சுவும் மழையில் நடந்தோம். சாய்ந்த லாரிக்கும் மலைச்சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளிதான் இருந்தது. சிதறிக் கிடந்த நனைந்த வைக்கோலை மிதித்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். வளைவு வளைவாக இறங்கினோம். வரிசை முடிகிற இடத்தில் நயினார் தன் காரைத் திருப்பி நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கொடைக்கு விரதம் இருக்கிற மனுஷர். துட்டி வீட்டுப் பிள்ளையைத் தொடக்கூடாது. அவள் கையைப் பிடித்து ஏற்றி உட்காரவைத்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போனாள். கண்ணாடி முழுக்க வெள்ளை. உள்ளே யார் என்றே தெரியவில்லை. அவள் விறுவிறுவென்று பின்வாசலுக்குப் போய், துவைக்கிற கல்மேல் மதினி வைத்துவிட்டுப் போன பார் சோப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "பழைய பேப்பர் இருந்தா தாங்க" என்றாள். கண்ணாடியைத் துடைத்து, சோப்பை மேலும் கீழுமாகத் தேய்த்து, பேப்பரைக் கசக்கி அழுத்தித் துடைத்தாள். ஓரம் ஓரமாக, மூலை விடாமல் துடைத்தாள். கண்ணாடி தெளிந்தது. மறுபடி பனி பிடிக்கவில்லை.

மதினி நெற்றியில் குங்குமத்தோடு தூங்குகிற மாதிரி இருந்தாள். மஞ்சு கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, "எம்மா, வந்துட்டேம்மா" என்றாள்.

அண்ணாச்சியும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் முகத்தை முழுசாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போய் ஸ்விட்சை அணைத்தார். மோட்டார் சத்தம் நின்றது. பெட்டியை எடுக்கிற எல்லா வீட்டிலும் அதுதான் அவர் கடைசியாகச் செய்கிற வேலை. அன்று மட்டும் அணைத்த விரலை ஸ்விட்சிலிருந்து எடுக்கவே இல்லை. நான்தான் போய் எடுத்துவிட்டேன்.

மறுநாள் கொடை நடந்தது. நன்றாகவே நடந்தது என்றார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் போகவில்லை. வில்லுப்பாட்டுச் சத்தம் சன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது, அண்ணாச்சி சேரில் உட்கார்ந்து ஸ்டெபிலைசர் வயரை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மஞ்சுவை நான்தான் ஏர்போர்ட்டில் விட்டேன். அப்பாவைக் கூடவே அழைத்துப் போகிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள், அவர் மசியவில்லை. உள்ளே போகிற வாசலில் நின்று, "சித்தப்பா, ஒங்க நம்பர் எங்கிட்ட இருக்கு. நீங்க எனக்குச் சும்மா போன் போடாதீங்க. பொங்கலுக்கு, தீவாளிக்கு, எதுக்கும் போடாதீங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கோபமோ என்று நினைத்தேன்.

"இத்தன வீட்டுக்கு எங்கப்பா சொன்னாரு. அவருக்கு ஒண்ணுன்னா எனக்குச் சொல்ல யாரு இருக்கா? நீங்கதான் சொல்லணும். ஒங்க நம்பர்ல இருந்து அந்த ஒரு தடவதான் வரணும். வந்தாலே நான் கெளம்பிருவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்சம் முடியலன்னு மட்டும் சொல்லிராதீங்க."

தலையை ஆட்டினேன். வாய் நீளமான ஆள் நான், அன்று அவ்வளவுதான் முடிந்தது.

அண்ணாச்சி இப்போதும் பெட்டி விடுகிறார். கண்ணாடிக்குச் சோப்பு தேய்க்கவும் கற்றுக்கொண்டுவிட்டார், மூலையில் மட்டும் சரியாக வருவதில்லை. துக்க வீடுகளில் பின்பக்கம் போய்ப் பேசுகிறார், நேரம் கணக்குப் போட்டுச் சொல்கிறார். மத்தியானம் சாப்பிட்டதும் மஞ்சுவைக் கூப்பிடுவார், அங்கே அவள் வேலை முடிந்து வந்திருக்கும் நேரம் அது. சவாரி இல்லாத நாளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எடுத்த எடுப்பில், தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்வார். "மக்ளே, அப்பா பேசுதேன். அப்பாதான் பேசுதேன்."

இன்றைக்கு நான் கூப்பிட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு காரை எடுக்கப் போவேன்.